வெள்ளையனின் இறப்புப் பதிவைத் தேடிய இருபத்திரண்டு நாட்கள்

2019 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை 10.40 மணி. வெளியே தூறல். பனிமூட்டம் வாசல்வரை வந்துவிட்டதால் தாலுகா அலுவலகப் பதிவறையில் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் சுமதி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். நேரத்தை எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், மனு வாங்கும்போது அதன் மூலையில் பென்சிலால் நேரம் குறித்து வைப்பது என் வழக்கம். அப்படி யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. குறிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு போன். என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் தம்பி போன மாதம் கூப்பிட்டார். "சார், ஒரு இறப்பைக் கம்ப்யூட்டர்ல தேடினேன், வரல. பதிவு இல்லைன்னு எழுதிக் கொடுத்திரட்டுங்களா?" என்றார். நான் நாற்பத்தைந்து நிமிடம் பதில் சொன்னேன். பாதியிலேயே அவர், "சார், இதை நீங்க எழுதியே கொடுத்திருங்க" என்று சொல்லிவிட்டார். அவருக்குச் சாப்பாட்டு நேரம் என்பது பிறகுதான் எனக்குப் பட்டது.

சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வாங்கிப் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. கொல்லிமலையில் பெரக்கரை நாடு என்னும் பகுதியில் ஒரு சிற்றூர், அவ்வளவு போதும்.

நான் கொல்லிமலைக்கு வேலைக்கு வந்தபோது எனக்கு முப்பது வயது. ஊர் கீழே, சமவெளி. முதல் மூன்று வருடங்கள் பதிவேடுகளைத் தட்டி அடுக்கியதிலும், பூச்சி அரித்த பக்கங்களுக்கு மெல்லிய தாள் ஒட்டியதிலும், மலையேறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டதிலும் போயின. அதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதன்பின் தாலுகா பிரிந்தது, கீழேயிருந்து பதிவேட்டு மூட்டைகள் லாரியில் வந்தன. அவற்றை எண்ணி அடுக்கியவன் நான். எந்த ஊருடைய எந்த வருடம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று விளக்கு அணைந்தாலும் எடுத்துக் கொடுப்பேன். அந்தக் கர்வம்தான் இந்த விஷயத்தில் என்னைக் கவிழ்த்தது.

சுமதிக்கு முப்பத்தொரு வயது இருக்கும். சோளக்காட்டுச் சந்தையில் ஒரு கடையில் மிளகு புடைத்துத் தரம் பிரிக்கும் வேலை. கூடவே எட்டு வயதுப் பெண் குழந்தை. மனுவைக் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு செத்து ஒம்பது வருசம் ஆச்சுங்க. சர்டிபிகேட்டு வேணும்."

"எதற்கு?" என்று கேட்டேன். அது எனக்குத் தேவையில்லாத கேள்வி. ஆனாலும் கேட்பேன்.

"கல்யாணத்துக்குங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தானுங்க. பின்ன இந்தப் புள்ளைக்கா?" என்று சிரித்தார். "பஸ்ல கண்டக்டருங்க அவரு. ஆபீஸ்ல என் பேரையும் புள்ள பேரையும் சேக்கோணும்னா ரிஜிஸ்டர் பண்ணியாகணுமாம். மொத ஊட்டுக்காரரு செத்ததுக்குக் காயிதம் இல்லாம ரிஜிஸ்டர் பண்ண மாட்டாங்களாம்."

மலையில் கணவனை இழந்த பெண் மறுபடி கட்டிக்கொள்வதை யாரும் குறையாகப் பேசுவதில்லை. வீட்டுப் பெரியவர் சம்மதித்தால் போதும். அந்தச் சம்மதம்தான் சுமதிக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

இறந்தவர் பெயர் வெள்ளையன், வயது முப்பத்துநான்கு. இறந்தது 2010 தை மாதம், மிளகு பறிக்கும் காலம். இடம், அவர்கள் ஊர். நான் 2010 பதிவேட்டை எடுத்தேன். இல்லை. மலையில் சிலர் தை என்பார்கள், கணக்குப் பார்த்தால் மார்கழியாகவோ மாசியாகவோ இருக்கும். ஆகவே 2009, 2011 பதிவேடுகளையும் பார்த்தேன். பக்கத்து இரண்டு ஊர்களுக்கும் அதே மூன்று வருடங்களைப் பார்த்தேன். ஒன்பது பதிவேடுகள், அறுநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள், ஆறு வேலை நாட்கள். வெள்ளையன் என்ற பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் எழுபது வயது, ஒருவர் கைக்குழந்தை. மற்ற இருவரும் வேறு தகப்பன் பெயர்.

இறப்பைப் பதிவு செய்யாமலே விடுவது அந்தக் காலத்தில் மலையில் அதிசயமில்லை. புதைத்தார்கள், கும்பிட்டார்கள், வேலைக்குப் போய்விட்டார்கள். ஆகவே 'பதிவு காணப்படவில்லை' என்று சான்று தயாரித்தேன். அதை எடுத்துக்கொண்டு மனுதாரர் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். சாட்சிகளின் வாக்குமூலத்தை நாங்கள் எழுதி அனுப்பினால், அங்கே விசாரித்து உத்தரவு போடுவார்கள். அதன்பேரில் இறப்பு புதிதாகப் பதிவாகும்.

வாக்குமூலம் தர வெள்ளையனின் அண்ணன் சடையன், ஊர்க்காரர் மூவரைக் கூட்டிக்கொண்டு தானாகவே வந்தார். அவருக்கும் அந்தச் சான்று தேவைதான். நிலம் கூட்டுப் பட்டாவில் இருந்தது. ஐம்பது வயதுக்காரர், ஒடிசலான ஆள், பேசும்போது துண்டை மடித்து மடித்துப் பிரிப்பார். அவர் சொன்னதை நான் என் கையால் எழுதினேன். மற்ற மூவரும் அதையே சொன்னார்கள்.

"தம்பி கீழ, புளியஞ்சோலைக்கு அந்தாண்ட, செங்கச் சூளையில வேலைக்குப் போயிருந்தானுங்க. காய்ச்சல்னு ஆள் சொல்லி உட்டாங்க. நாங்க நாலு பேரு போயி, தூளி கட்டி, காட்டு வழியாத் தூக்கிட்டு வந்தோமுங்க. தை மூணாவது வெள்ளிங்க. ஊரு எல்லைக் கல்லைத் தாண்டினதும் எறக்கச் சொன்னான். தண்ணி குடிச்சான். என் கையைப் புடிச்சுட்டு, 'அண்ணா, அவளை நம்ம ஊட்டை உட்டு அனுப்பிராதே'ன்னு சொன்னான். அத்தோட உசுரு போயிருச்சுங்க."

சுமதி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இதைக் கேட்டும் தலை நிமிரவில்லை. ஒன்பது வருடமாகக் கேட்ட வாக்கியம்.

"அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"நான் சொல்றதுக்கு என்னங்க இருக்குது. செத்தவன் வார்த்தை இருக்குதுல்ல. பட்டாவுக்குக் காயிதம் வாங்கிக்கட்டும். கல்யாணத்துக்கு நான் ஒத்துக்க மாட்டனுங்க."

துணை வட்டாட்சியர் அம்மாவின் கையெழுத்துக்காகக் கோப்பை உள்ளே எடுத்துப் போனேன். அவர் என்னைவிடப் பதினாறு வயது இளையவர், தென் மாவட்டத்துக்காரர். அவர் கோப்புப் படிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு எஃகு ஸ்கேலை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைப்பார். அந்த வரி முடிந்த பிறகே ஸ்கேல் அடுத்த வரிக்கு இறங்கும். போன் வந்தால் ஸ்கேலை நகர்த்தாமல் பேசுவார். நாம் எதிரில் நிற்க வேண்டும். உட்காரச் சொல்லுவார், ஆனால் உட்கார்ந்தால் எழுந்து போக மனம் வராது என்று நான் உட்காருவதில்லை. கோபித்து நான் பார்த்ததில்லை. தவறு இருந்தால் ஸ்கேல் நின்றுவிடும்.

அன்று வாக்குமூலத்தின் நான்காவது வரியில் ஸ்கேல் நின்றது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் நகரவில்லை.

"மலையில எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"இருபத்தாறு வருஷம் நாலு மாசம் மேடம்."

"தூளி கட்டித் தூக்கிட்டுப் போனதைப் பாத்திருக்கீங்களா?"

"பதினோரு தடவை பாத்திருக்கேன்."

"அதானே, எண்ணி வச்சிருப்பீங்க. அதுல மேலே தூக்கிட்டு வந்தது எத்தனை?"

மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். பதினொன்றும் இறக்கம். பிரசவ வலி, பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுந்தவர், எல்லாரையும் கீழேதான் கொண்டுபோனார்கள். பெரிய ஆஸ்பத்திரி கீழேதான் இருந்தது.

"காய்ச்சல்ல கிடக்கிறவன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே இருக்கான். நாலு பேர் போய் அவனைக் காட்டு வழியா மலைமேல தூக்கிட்டு வர்றாங்க. இதை உங்க கையால எழுதியிருக்கீங்க. எழுதும்போது உறுத்தலையா?"

"இல்ல மேடம்."

"எனக்கு உறுத்துது. நீங்க இல்லைன்னு சான்று கொடுத்து, அங்க உத்தரவு வாங்கி, இந்த ஊர்ல இறந்ததாப் பதிவாகிடும். அப்புறம் இன்னொரு ஊர்ப் பதிவேட்டுல அதே ஆள் கிடைச்சா? ஒருத்தர் ரெண்டு தடவை சாகக் கூடாதுங்க. கல்யாணம் ஆன பிறகு அது வெளிய வந்தா மாட்டிக்கிறது அந்தப் பொண்ணு." சான்றை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "இல்லைன்னு எழுதாதீங்க. எங்கெங்க தேடினீங்கன்னு எழுதுங்க. அப்ப எங்க தேடலைங்கிறது தானா தெரியும்."

ஒரு இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும். சொந்த ஊர் எது என்பது கணக்கில்லை. ஆஸ்பத்திரியில் இறந்தால் வீட்டார் போய்ச் சொல்ல வேண்டியதுகூட இல்லை, ஆஸ்பத்திரியே தகவல் அனுப்பிவிடும். இதை நான் நூறு பேருக்கு விளக்கியிருக்கிறேன். இந்த ஒருவர் விஷயத்தில் மட்டும், 'எங்கே இறந்தார்' என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே நம்பி, ஆறு நாள் தூசி தின்றேன். வாக்குமூலத்துக்குப் பிறகும் உறுத்தாமல் போனதற்கு, ஊர்க்காரர் நால்வர் ஒரே மாதிரி சொன்னதுதான் காரணம். நால்வரும் ஒரே சொல்லில் சொன்னார்கள். அதைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும்.

புளியஞ்சோலைப் பக்கம் வேறு மாவட்டம். கடிதம் போட்டால் பதில் வர எத்தனை நாள் ஆகும் என்று நான் கணக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா கையமர்த்தினார். "கடிதம் போகட்டும். நடுவுல நீங்க ஒருநாள் லீவு போட்டு எங்கயாவது போனா நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

சுமதியிடம் ஒரு மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனேன். மலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் அரை நாள் நடை. நான் நடக்கிற ஆள் இல்லை. எழுபது வளைவும் இறங்கி, நாமக்கல் போய், துறையூர் போய், மூன்றாவது பஸ் பிடித்து, மலையை அரைச்சுற்று சுற்றி அதன் மறுபக்க அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே பதிவேடு பார்க்கும் பெண் ஊழியர், "எந்த மாசம் சார்?" என்றார். "தை. முன்னே பின்னே பதினஞ்சு நாள்" என்றேன். மனுவை வாங்கிக்கொண்டு தேடினார். பன்னிரண்டு நிமிடம். "வெள்ளையன், ஆண், முப்பத்திநாலு, கொல்லிமலை. இவர்தானா?"

தகப்பன் பெயர் பொருந்தியது. இடம் என்ற கட்டத்தில் அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரி. தேதி, சடையன் சொன்ன வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள்.

கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷம் எனக்கு. அந்த ஒரு நாள் வித்தியாசம் என்ன செய்யும் என்று அப்போது யோசிக்கவில்லை. ஆனால் அது ஏன் வந்தது என்று அறிய மனம் அரித்தது. டீக்கடையில் நின்று, மலைக்குப் போகும் பாதை தெரிந்த ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "அந்த ஊர்ல எல்லைக் கல்லுக்கு வெளிய உசுரு போனா உள்ள பொதைக்க உட மாட்டாங்கப்பா. வெளியவே ஒரு மேட்டுல பொதச்சிருவாங்க. வெளக்கு வெக்கிறதில்ல, படையல் போடுறதில்ல. அதனால கீழ செத்தாக்கூட, நோயாளியத் தூக்குற மாதிரி தலை முன்னால வெச்சுத் தூக்கிட்டுப் போறது உண்டு. பொணம்னா கால்தான முன்னால. ஆஸ்பத்திரி வண்டியில போனா ஊரே பாத்துருமே."

ஜூலை 31, புதன்கிழமை, சான்று வாங்கச் சுமதியையும் அழைத்துக்கொண்டு போனேன். பிரதிக்கான கட்டணத்தை அவரே கட்டினார். பஸ் நிலையத்தில் நின்று, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். இடத்தை ஒரு தடவை படித்தார். தேதியை மூன்று தடவை படித்தார்.

"இது வியாழக்கெழமைங்களா?"

"வியாழன்தான்."

"அவரு கல்லுகிட்ட வந்தது வெள்ளிக்கெழமைங்க. நான் வெள்ளாட்டுக்குத் தழை ஒடிச்சிட்டு இருந்தேன். ஆள் வந்து கூப்புட்டுச்சு." அதற்குப் பிறகு மூன்று பஸ்களிலும் அவர் அந்தக் காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். நான்தான் டிரைவர் வேகமாகப் போவதைப் பற்றி என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் சடையனை அழைத்தோம். அம்மாவின் அறையில் நாங்கள் நால்வர். அம்மா சான்றைத் தன் பக்கம் வைத்து, ஸ்கேலை இடம் என்ற வரிக்குக் கீழே வைத்து, அப்படியே அவர் பக்கம் திருப்பினார். சடையனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். படித்தார். துண்டு மடிப்பது நின்றது.

"இந்த எடத்தை மட்டும் மாத்த முடியுங்களா சாமி?" என்று என்னைக் கேட்டார்.

"முடியாதுங்க."

"ஊருக்குத் தெரிஞ்சா அவனைத் தோண்டச் சொல்லுவாங்க."

சுமதிதான் கேட்டார். "மாமா, ஆஸ்பத்திரியில அவரு ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"நெனவே இல்ல கண்ணு. ரெண்டு நாளா நெனவே இல்ல."

"அப்ப கல்லுகிட்ட சொன்னது?"

சடையன் சுவரைப் பார்த்துச் சொன்னார். "எறக்கி வெச்சோம். ஊரே நிக்குது. கடைசியா என்ன சொன்னான், என்ன சொன்னான்னு கேக்குறாங்க. உசுரோட வந்தவன் ஒரு வார்த்தைகூடவா பேசாமப் போவான்? என்னமோ சொல்லோணும். நீ மூணு மாசம் முழுகாம நின்னே. அந்தப் புள்ளையும் போயிருமேன்னு நெனச்சுட்டு நின்னேன். வாயில அதுதான் வந்துச்சு. சொன்னதுக்கப்புறம் அது அவன் சொன்னதாவே ஆயிப்போச்சு. எனக்கே சில நாளு அவன் சொன்ன மாதிரிதான் இருக்கும்."

"ஒம்பது வருசம், மாமா," என்றார் சுமதி. குரல் உயரவில்லை. "ரெண்டு பேரு வந்து பொண்ணு கேட்டாங்க. அவரு சொன்ன வார்த்தைன்னு நானே வேண்டாம்னேன். நீங்க சொன்னதுன்னு தெரிஞ்சிருந்தா உங்ககூடச் சண்டையாவது போட்டிருப்பேன்."

அந்தக் காகிதத்தை ஊரில் ஒருவரிடம் காட்டினால் போதும், அவரைக் கட்டிப்போட்டிருந்த வார்த்தை செல்லாமல் போய்விடும். அதோடு வெள்ளையனின் குழியும் போய்விடும். அது அறையிலிருந்த நால்வருக்கும் தெரிந்தது. சுமதி சான்றை எடுத்து நான்காக மடித்து, மிளகு வாசனை அடிக்கும் தன் பைக்குள் வைத்தார்.

"ஊருக்கு இது தெரிய வேண்டாங்க மாமா. அவரு அங்கயே இருக்கட்டும். நான் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மட்டும் காட்டிக்கிறேன். ஆனா அவ போகட்டும்னு ஊருல நீங்கதான் சொல்லோணும். அன்னைக்கும் நீங்கதான சொன்னீங்க."

சடையன் எழுந்து போனார். அம்மா கோப்பிலிருந்த என் பழைய 'பதிவு காணப்படவில்லை' சான்றை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். நான் அதை எடுத்து நான்காகக் கிழித்தேன்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்த பிறகு, கீழே ஒரு கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, பதிவு அலுவலகத்துக்கு வந்தார்கள். எனக்கு அழைப்பு இருந்தது, போனேன். ஊரில் சடையன் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சுமதியிடம் கேட்டேன், "ஏதோ சொன்னாருங்க, சரியாப் போச்சு" என்று மட்டும் சொன்னார். இதையெல்லாம் நான் இப்போது வெளியில் சொல்வதற்கும் ஒரு காரணம் உண்டு. சடையன் போன வருடம் தன் வீட்டிலேயே இறந்தார். ஊரில் அந்தக் கல்லைப் பற்றிய கட்டுப்பாடும் இப்போது தளர்ந்துவிட்டது. சம்மதம் கேட்டபோது சுமதியே எழுதச் சொன்னார்.

பதிவு அன்று மாப்பிள்ளை பக்கம் ஒரு சாட்சி தயாராக இருந்தார். பெண் பக்கத்துக்கு யார் என்று பதிவாளர் கேட்டபோது, கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுச் சடையன் உள்ளே வந்தார். புது வேட்டி, மடிப்புக் கலையாத துண்டு.

"பொண்ணுக்கு நீங்க என்ன முறை?"

சடையன் சுமதியைப் பார்த்தார். சுமதி குனிந்திருந்தார்.

"பொறந்தவன்னு எழுதிக்குங்க. அண்ணன்."

பதிவாளர் எழுதினார். சடையன் ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டு முடிக்க ஒன்றரை நிமிடம் ஆனது. மூன்றாவது சாட்சி பஸ்ஸை விட்டுவிட்டதாகப் போன் வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் ஆதார் அட்டையை நகலெடுத்துக்கொண்டு வந்து நான் கையெழுத்துப் போட்டேன்.

இந்த விஷயத்தில் என் கையிலிருந்து போனது: மலையைச் சுற்றிய இரண்டு பயணங்களுக்கு பஸ், தலா 236 வீதம் 472. இரண்டு மதியச் சாப்பாடு 140. ஆறு டீ 60. கல்யாணத்தன்று இறங்கி ஏற 92. நகல் 4. மொத்தம் 768 ரூபாய்.